ஐந்து நட்சத்திரப் புகழுரையை நம்பலாமா?

புது தில்லி: முகப்பூச்சு கிரீம், தலைமுடி எண்ணெய் போன்றவற்றை இணையத்தில் வாங்குவோர், அவற்றின்கீழ் இடம்பெறும் ஐந்து நட்சத்திரப் புகழுரைகளை அப்படியே நம்புவதற்கில்லை.

கர்நாடகத்தின் கோலார் தங்கவயல், தமிழர்கள் பெருமளவில் வாழும் நகரம். 2001-இல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, மாரிக்குப்பத்தில் ரயிலேறி அன்றாடம் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று திரும்புவோர் இங்கு ஆயிரக்கணக்கில் உள்ளனர். கடைக்குச் செல்ல நேரமில்லாத இத்தகையோருக்குச் செல்பேசியே அங்காடி. பொருளைத் தொட்டுப் பார்க்கவோ, கடைக்காரரிடம் விசாரிக்கவோ வழியில்லை. முன்பின் அறியாத ஒருவர் எழுதிய நான்கு வரிகள்தான் உரைகல்.

அந்த உரைகல்லே போலியாக இருக்கக்கூடும். அமெரிக்க அழகுசாதன நிறுவனமான சன்டே ரைலியின் ஊழியர்களும் மேலாளர்களும், 2015 முதல் 2017 வரை, செஃபோரா விற்பனைத் தளத்தில் வாடிக்கையாளர்போல் போலிக் கணக்குகளில் புகழ்ந்து எழுதியதாக அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2019-இல் குற்றஞ்சாட்டியது. நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. அபராதம் ஏதும் இல்லை என்பதால் ஆணைய உறுப்பினர்கள் இருவரே அதை எதிர்த்தனர்.

இந்தியாவில், விற்பனையாளர் நுகர்வோராக நடித்துக் கருத்து எழுதுவதை 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் தடை செய்கின்றன. 2022 நவம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் இந்தியத் தர நிர்ணய அமைவனமும் ஐஎஸ் 19000 என்ற தர அளவை வெளியிட்டன. காசு கொடுத்து எழுதி வாங்கும் கருத்துகள் கூடாது, எழுதியவர் யார் எனச் சரிபார்க்க வேண்டும் என்கிறது அது. ஆனால் விரும்பினால் பின்பற்றலாம் என்ற அளவிலேயே அறிமுகமானது.

இதைவிடக் கவலைக்குரியது, பொய்யே கலவாத பாராட்டு. பாதரசம், தோலில் நிறமி உருவாவதைத் தடுக்கும். ஆகவே அது கலந்த கிரீமைப் பூசினால் முகம் விரைவில் வெளுக்கும். "சில நாள்களிலேயே பலன்" என்று எழுதுபவர் கண்டதையே எழுதுகிறார். சிறுநீரகத்துக்கு என்ன நேர்கிறது என்பது அவருக்கே தெரியாது.

கேரளத்தின் கோட்டக்கல்லில், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயுடன் வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். சிறுநீரில் புரதம் வெளியேறி, உடல் வீங்கும் நோய் அது. 15 பேருக்கு அந்நோயின் அரிய வகை இருந்தது. அவர்களில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள்! பூசுவதை நிறுத்தியதும் பெரும்பாலோருக்கு நோய் தணிந்தது.

ராபர்ட்சன்பேட்டைக் கடையில் வாங்கினாலும் செல்பேசியில் வாங்கினாலும், பார்க்க வேண்டியது உறையைத்தான். தயாரிப்பாளரின் பெயர், முகவரி, உற்பத்தி உரிம எண், தொகுதி எண், காலாவதி நாள் ஆகியவை அதில் இருக்க வேண்டும். இறக்குமதிப் பொருளானால் பதிவுச் சான்றிதழ் எண்ணும் இறக்குமதியாளர் முகவரியும் தேவை. இவை இல்லாத கிரீமுக்கு எத்தனை நட்சத்திரம் இருந்தாலும் வாங்காமல் இருப்பதே நல்லது. புகார்களைத் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் தெரிவிக்கலாம்.