ஸ்க்ரப் டைபஸ்: பிளட் கல்ச்சரில் சிக்காத பாக்டீரியா... செல்லுக்குள் என்ன செய்கிறது?

மழைக்குப் பிறகு சேத்தூர், ராஜபாளையம் மலையடிவாரத் தோப்புகளில் புல்லும் புதரும் மண்டிவிடும். அங்கே வேலைக்குப் போய் வந்த ஒருவருக்கு, பத்து நாள் வாக்கில் கடும் காய்ச்சல், தலைவலி. டெஸ்ட் எடுத்தால் டெங்கு இல்லை, மலேரியா இல்லை. அப்போ என்னதான் அது?

ஸ்க்ரப் டைபஸ், அதாவது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். 2025 ஜனவரியில் தமிழக பொது சுகாதாரத்துறை எச்சரிக்கை விடுத்ததும் இந்த நோய் பற்றித்தான்.

ஏன் டெஸ்டில் சிக்குவதில்லை?

இதற்குக் காரணம் 'ஓரியன்ஷியா சுட்சுகமுஷி' என்ற பாக்டீரியா. புதரில் இருக்கும் மிகச்சிறிய உண்ணி வகைப் பூச்சியின் லார்வா கடிக்கும்போது உடலுக்குள் வருகிறது. டைபாய்டு கிருமி லேபில் வெறும் சத்துக் கரைசலிலேயே வளரும். இது வளராது. இதற்கு உயிருள்ள செல் வேண்டும். அதனால் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து உருவாக்கிய 'வீரோ' செல்கள், எலி செல்கள் போன்றவற்றில்தான் விஞ்ஞானிகள் இதை வளர்க்கிறார்கள்.

செல்லுக்குள் நடப்பது என்ன?

முதலில் செல்லின் மேற்பரப்பில் உள்ள புரதங்களில் ஒட்டுகிறது. செல் தானாகவே அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. உள்ளே போனதும் தன்னைச் சுற்றிய பையை உடைத்து வெளியேறுகிறது. பிறகு செல்லின் சொந்தப் போக்குவரத்துப் பாதையிலேயே நகர்ந்து, உட்கரு அருகே போய்ப் பெருகுகிறது. கடைசியில் செல்லின் சவ்வையே போர்த்திக்கொண்டு வெளியே வருகிறது.

எந்த மருந்து வேலை செய்யும்?

செல்லுக்குள் ஒளிந்திருப்பதால், காய்ச்சலுக்கு வழக்கமாகப் போடும் பென்சிலின் வகை ஊசிகள் இதில் பலிப்பதில்லை. டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டும் செல்லுக்குள் புகுந்து, பாக்டீரியா புரதம் தயாரிப்பதைத் தடுக்கின்றன. தீவிர பாதிப்பில் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் பலன் அதிகம் என்று, வேலூர் சி.எம்.சி. தலைமையில் இந்திய மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2023-ல் காட்டியது. நோயாளிகள் சுமார் 800 பேர் அதில் பங்கேற்றனர்.

நீங்கள் கவனிக்க வேண்டியது

அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் சிகரெட் சுட்டது போன்ற கருப்புப் புண் இருக்கிறதா என்று பாருங்கள். வலிக்காது என்பதால் பலர் கவனிப்பதே இல்லை. புண் எல்லோருக்கும் வராது. அதனால் புண் இல்லாவிட்டாலும், காய்ச்சல் நீடித்தால் "தோட்டத்துக்குப் போயிருந்தேன்" என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு தகவல் இருந்தால் சரியான ரத்தப் பரிசோதனையும் மருந்தும் சீக்கிரம் கிடைக்கும். தாமதமானால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை பாதிக்கும்.