ஹோட்டல் பில்லில் தெரியும் பொருளாதாரம்

அமெரிக்கப் பொருளாதாரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, சாதாரண மக்கள் செய்யும் செலவுதான். அந்தச் செலவு கூடுதா குறையுதா என்று பார்க்க அங்கே பல கணக்குகள் இருக்கு. அதில் நான் தவறாமல் கவனிப்பது ஹோட்டல் விற்பனை.

அமெரிக்க சென்சஸ் பீரோ ஒவ்வொரு மாதமும் நடுவாக்கில் சில்லறை விற்பனை அறிக்கை ஒன்றை வெளியிடும். கார், ஃபர்னிச்சர், துணிமணி, பெட்ரோல் என்று அதில் இருப்பதெல்லாம் பொருள் விற்கும் கடைகள். சேவை என்று சொல்லத்தக்கது ஒண்ணே ஒண்ணு: உணவகங்களும் மதுக்கூடங்களும். முடிவெட்டும் கடை, டாக்டர் ஃபீஸ், விமான டிக்கெட் எதுவும் அதில் வராது.

சரி, சாப்பாட்டுக் கடைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? கை இறுகும்போது வாடகையை நிறுத்த முடியாது, கார் கடன் தவணையை நிறுத்த முடியாது. ஆனா "இந்த வாரம் வெளியே வேண்டாம், வீட்டுலயே சமைச்சுக்கலாம்" என்று இன்னிக்கே முடிவு பண்ணலாம். அதனால மக்களோட மனநிலை மாறினால் இங்கே சீக்கிரம் தெரியும்.

ஆனால் அந்த எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. மூன்று சிக்கல்கள் இருக்கு.

முதலாவது, விலை. அந்த அறிக்கை பண்டிகை, பருவகால ஏற்ற இறக்கத்தைச் சரிசெய்யும், விலைவாசியைச் சரிசெய்யாது. ஒரு பேச்சுக்கு, ஒரு கடையில் போன வருஷம் 10 டாலர் விலையில் 100 சாப்பாடு, மொத்தம் 1,000 டாலர் என்று வைப்போம். இந்த வருஷம் விலை 10.50, விற்பனை 1,040. நாலு சதவீத வளர்ச்சி! ஆனா வகுத்துப் பாருங்க, விற்றது 99 சாப்பாடுதான். இது வெறும் கற்பனைக் கணக்கு இல்லை. 2023 டிசம்பரோடு முடிந்த ஓராண்டில் அங்கே வெளியே சாப்பிடும் செலவு 5.2 சதவீதம் ஏறியது. வீட்டுச் சமையலுக்கு வாங்கும் பொருட்கள் 1.3 சதவீதம்தான்.

இரண்டாவது, எதோடு ஒப்பிடுகிறோம் என்பது. 2015இல் உணவக விற்பனை முதன்முறையாக மளிகைக் கடை விற்பனையைத் தாண்டியது. "அமெரிக்கர்கள் சமைப்பதை விட்டுட்டாங்க" என்று பேச்சு கிளம்பியது. ஆனால் வால்மார்ட், காஸ்ட்கோ போன்ற பெரிய கடைகள் அந்தக் கணக்கில் மளிகைக் கடைகளாக வராது, வேறு தலைப்பில் போகும். அங்கே வாங்கும் அரிசியும் பாலும் மளிகைப் பக்கம் சேரவில்லை.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுவது: யார் சாப்பிடுறாங்க? 2025 முதல் காலாண்டில் மெக்டொனால்ட்ஸ் தன் அமெரிக்கக் கடைகளில், புதிதாகத் திறந்தவற்றைச் சேர்க்காமல் பார்த்தால், விற்பனை 3.6 சதவீதம் சரிந்ததாகச் சொன்னது. 2020க்குப் பிறகு அதுதான் பெரிய சரிவு. துரித உணவுக் கடைகளுக்குக் குறைந்த வருமானக்காரர்கள் வருவது ஏறக்குறைய பத்து சதவீதம் குறைந்துவிட்டது, நடுத்தர வருமானக்காரர்களும் கிட்டத்தட்ட அதே அளவு குறைந்துவிட்டார்கள், வசதியானவர்கள் மட்டும் குறையவில்லை என்று அந்த நிறுவனமே விளக்கம் தந்தது. அதே காலாண்டில் நாட்டின் மொத்த உணவக விற்பனை முந்தைய ஆண்டைவிட அதிகம்தான்! ஒருவர் நூறு டாலர் டின்னர் சாப்பிட்டால், பத்து பேர் பத்து டாலர் பர்கரை விட்டது மொத்தத்தில் மறைஞ்சு போயிடும்.

சரிவு வந்தாலும் காரணம் கேட்கணும். 2020 ஏப்ரலில் உணவக விற்பனை பிப்ரவரியில் இருந்ததில் பாதிக்கும் கீழே போனது. அதுக்குக் காரணம் காசில்லாதது அல்ல. கொரோனாவால் கடைகளில் உட்கார்ந்து சாப்பிட வழியில்லை.

ஆகவே "உணவக விற்பனை உயர்வு" என்று செய்தி கண்ணில் பட்டால், விலையேற்றத்தைக் கழித்த பிறகு என்ன மிஞ்சுது, கடைக்கு வந்தவங்க எண்ணிக்கை கூடுச்சா, மலிவான கடைகள் என்ன சொல்லுது, இந்த மூணையும் பாருங்க. வட்டி விகிதத்தைப் பற்றி யோசிப்பவர்களும் அந்த மொத்த எண்ணைப் பார்க்கிறாங்க. பர்கரை விட்டவங்க நிலைமை அதில் தெரியாமல் போனால், மக்கள் நல்லாத்தான் இருக்காங்க என்று முடிவு கட்டிடுவாங்க.