காலிக் கோட்டை

காலிக் கோட்டை என்பது இலங்கையின் தென்மேற்குக் கரையில், காலி நகரில் அமைந்துள்ள கடற்கோட்டை ஆகும். 1588 இல் போர்த்துக்கேயர் இங்கு முதல் அரணை அமைத்தனர். 1640 இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றி, மதில்களையும் கொத்தளங்களையும் விரிவாகக் கட்டினர். 1796 இல் கோட்டை பிரித்தானியர் வசமானது. 1988 இல் யுனெசுக்கோ இதனை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது.

இன்றைய பயன்பாடு

ஒல்லாந்தர் காலத்து மருத்துவமனை புதுப்பிக்கப்பட்டு, இன்று கடைகளும் உணவகங்களும் கொண்ட வளாகமாக உள்ளது. பெட்லர் தெரு, சேர்ச் தெரு ஆகியவற்றின் பழைய வீடுகள் பல நகைக்கடைகளாகவும் கைவினைக் கடைகளாகவும் தேநீரகங்களாகவும் மாறியுள்ளன. கோட்டைக்குள் நுழையக் கட்டணம் இல்லை. காலி தொடருந்து நிலையத்திலிருந்து நடந்தே செல்லலாம். மதில் மேல் நடந்தால் கலங்கரை விளக்கத்தையும் மீரான் பள்ளிவாசலையும் அருகருகே காணலாம்.

குடியிருப்பு

கோட்டை வெறும் சந்தையன்று. மக்கள் வாழும் ஊர். தமிழ் பேசும் முசுலிம் குடும்பங்களும் இங்கு தலைமுறைகளாக வசிக்கின்றன. 2004 ஆழிப்பேரலையின்போது மதில்கள் உட்பகுதியைப் பெரும்பாலும் காத்தன. ஆனால் சுற்றுலாவால் நிலவிலை உயர, வீடுகளை விற்று வெளியேறிய குடும்பங்கள் பல. கட்டடங்களைப் பேணுவதுடன் குடிகளையும் தக்கவைப்பதே இக்களம் எதிர்கொள்ளும் முதன்மைச் சிக்கலாகும்.