கோயிலைப் பார்த்தாச்சு, ஊரைப் பார்த்தோமா?



வருசத்துக்கு ஒரு தடவை குழுவுல வேன் பிடிச்சு சுற்றுலா போறோம். காலையில ஒரு கோயில், மத்தியானம் ஒரு கோயில், சாயங்காலம் கடைவீதி. வீட்டுக்கு வந்து "என்ன பார்த்தீங்க?" என்று பிள்ளைகள் கேட்டால், "கூட்டம்தான் பார்த்தோம்" என்கிறோம். இந்த முறை எங்கள் குழு வேறு மாதிரி செய்தது. மதுரை நகரின் பழைய பகுதியை ஒரு வழிகாட்டியோடு நடந்தே பார்த்தோம். அதை எல்லாக் குழுக்களும் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறோம்.

"மதுரையில பார்க்க என்ன இருக்கு? கல்யாணமாகி வந்ததுல இருந்து இருபது தடவை போயிருக்கேன்" என்று கூட்டத்தில் ஒரு அக்கா சொன்னார். கடைசியில் அதிகம் கேள்வி கேட்டவரும் அவர்தான்.

வெளியில் இருந்து உள்ளே

மதுரையின் பழைய ஊர், வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக இருக்கிறது. நடுவில் மீனாட்சி அம்மன் கோயில். கோயிலுக்குள் ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, அடுத்து ஆவணி மூல வீதி, அதற்கடுத்து மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. மாசி வீதி வரைக்கும் எல்லாம் சாமி புறப்பாடு நடந்த மாதங்களின் பெயர்கள். "சித்திரைத் தேர் மாசி வீதியில ஓடுதே, எப்படி தம்பி?" என்று ஒருவர் கேட்டார். மாசியில் நடந்த விழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார், தேர் மட்டும் பழைய வீதியிலேயே ஓடுகிறது என்று வழிகாட்டி சொன்னார்.

காலை ஆறரைக்குப் பெரியார் பேருந்து நிலையத்தில் இருந்து கிளம்பினோம். நாயக்கர் காலத்தில் ஊரைச் சுற்றிக் கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. நாங்கள் நின்ற வெளி வீதி, தூர்த்த அகழி மேலே போட்ட தெரு. 1840 வாக்கில் பிளாக்பர்ன் என்ற வெள்ளைக்காரக் கலெக்டர் கோட்டையை இடித்து ஊரைப் பெரிதாக்கினார். சுவரை இடித்து அகழியை நிரப்பினால் அந்த இடம் உங்களுக்கே என்று ஜனங்களுக்குச் சொன்னாராம். அந்த வேலையைப் பார்த்தவர்களின் பெயர்களில்தான் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் இருக்கின்றன. ராஜா பெயர் கேட்டுப் பழகிய எங்களுக்கு, ஒரு மேஸ்திரி பெயரில் தெரு இருப்பது பெரிய சந்தோசம்.

காந்தி சட்டையைக் கழற்றிய வீடு

மேல மாசி வீதியில் 251ஏ என்று ஒரு கட்டடம். கீழே கதர்க் கடை. 1921 செப்டம்பரில் காந்தி இங்கேதான் தங்கினார். ஏழைகளுக்குக் கதர் வாங்க முடியவில்லை, நான் மட்டும் ஏன் இத்தனை துணி உடுத்த வேண்டும் என்று யோசித்து, செப்டம்பர் 22 அன்று சட்டையும் தொப்பியும் விட்டு, இடுப்பு வேட்டியோடு வெளியே வந்தார். அதன் பிறகு கடைசி வரை அதுதான் அவர் உடை. அந்த வாசலை எத்தனையோ தடவை பஸ்ஸிலும் ஆட்டோவிலும் கடந்திருக்கிறோம். யாரும் சொன்னதில்லை.

1939 ஜூலை 8

கோயில் வாசலில் செல்போனை ஒப்படைத்தோம். உள்ளே போன் கொண்டு போக அனுமதி இல்லை. 2018 பிப்ரவரி 2 அன்று இரவு, கோயிலுக்குள் இருந்த கடைகளில் தீப்பிடித்து வீரவசந்தராயர் மண்டபம் சேதமானது. அதற்குப் பிறகு வந்த கட்டுப்பாடு இது.

உள்ளே போகும் முன் வழிகாட்டி எங்களை நிறுத்தி ஒரு தேதி சொன்னார். 1939 ஜூலை 8. அன்றைக்குத்தான் வைத்தியநாத ஐயர், தாழ்த்தப்பட்ட மக்களையும் நாடார் ஒருவரையும் கூட்டிக்கொண்டு இந்தக் கோயிலுக்குள் நுழைந்தார். அதில் ஒருவர் பின்னாளில் மந்திரியான கக்கன். அதுவரைக்கும் அவர்கள் வாசலோடு நிற்க வேண்டியதுதான்.

இருபது தடவை வந்ததாகச் சொன்ன அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "எங்க அப்பத்தா கோபுரத்தைத் தூர இருந்து கும்பிட்டுட்டுப் போவாங்களாம். பழக்கம்னு நினைச்சேன். உள்ள விடலைன்னு இப்பத்தான் தெரியுது." நாங்கள் எல்லோரும் அவரை முன்னால் விட்டுப் பின்னால் போனோம். அன்றைய நடையில் எங்களுக்கு மறக்காத இடம் அதுதான்.

கிழக்குப் பக்கம்

கிழக்கு வாசலுக்கு எதிரே புது மண்டபம். திருமலை நாயக்கர் கட்டியது. கட்டி நானூறு வருசம் ஆகப்போகிறது, இன்னும் பெயர் 'புது' மண்டபம்தான்! நம்மில் பலர் இங்கே பாவாடை சட்டை தைக்கக் கொடுத்திருப்போம், பாத்திரம் வாங்கியிருப்போம். அந்தக் கடைகளைப் பக்கத்தில் உள்ள குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். தூண்களில் இருக்கும் சிற்பங்கள் இப்போது நன்றாகத் தெரிகின்றன. ஆனால் தலைமுறையாக அங்கே தையல் மெஷின் மிதித்தவர்களுக்கு இடம் மாறியதில் வியாபாரம் என்ன ஆனது என்றும் கேட்க வேண்டும் என்று எங்கள் குழுவில் தையல் தொழில் செய்பவர் சொன்னார். நியாயமான கேள்வி.

அதைத் தாண்டி, முடிக்காமல் விட்ட ராய கோபுரம். பக்கத்தில் ஏழுகடல் தெரு. மீனாட்சியின் தாய் காஞ்சனமாலை கடலாட ஆசைப்பட்டதால் சிவன் ஏழு கடலையும் இங்கே வரவழைத்தார் என்பது கதை. தெப்பக்குளம் இருந்த இடத்தில் இன்று கடைகள்தான். அம்மன் சன்னதிக்கு நேரே கிழக்கில் விட்டவாசல். பழைய பாண்டியர் கோட்டையை இடித்தபோது, இடிக்காமல் விட்ட வாசல் என்பதால் அந்தப் பெயர்.

பிறகு விளக்குத்தூண். கோட்டையை இடித்த பிளாக்பர்ன் நினைவாக வைத்தது இது. அங்கே ஜிகர்தண்டா குடித்துவிட்டு, பத்துத்தூண் சந்துக்குப் போனோம். ஜவுளிக் கடைகளுக்கு நடுவில் வரிசையாகப் பத்துக் கல்தூண்கள். நாயக்கர் அரண்மனையில் மிஞ்சியவை. கொஞ்ச தூரத்தில் மகால். 1636இல் கட்டிய அந்த அரண்மனையில் கால்வாசிதான் மிச்சம் என்கிறார்கள். பேரன் சொக்கநாத நாயக்கர் காலத்திலேயே பெயர்த்துத் திருச்சிக்குக் கொண்டு போனார்களாம். அரசர் வீட்டிலும் பாகப்பிரிவினைதான் போல என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்துவிட்டோம்.

நீங்களும் போவதானால்

* சுற்றுலாத் துறை அடையாள அட்டை உள்ள வழிகாட்டியைக் கேளுங்கள். எத்தனை மணி நேரம், எந்தெந்த இடம், மொத்தம் எவ்வளவு என்று முதலிலேயே பேசித் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். நாங்கள் 18 பேர் பங்கு போட்டதால் ஆளுக்குக் குறைவாகவே ஆனது.
* சேமிப்புப் பணத்தைத் தொடாதீர்கள். சுற்றுலாவுக்குத் தனி உண்டியல் போடுங்கள்.
* வெயிலுக்கு முன் தொடங்குங்கள். கோயில் நடை மதியம் சாத்துவார்கள். அதற்குள் தரிசனம் முடித்து, மகாலைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.
* கழிப்பறை எங்கே இருக்கிறது என்று வழிகாட்டியிடம் முதலிலேயே கேளுங்கள். கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிக்காமல் நடக்காதீர்கள்.
* மூட்டு வலி உள்ளவர்களை முன்னால் நடக்க விடுங்கள். அவர்கள் வேகம்தான் எல்லோருடைய வேகமும்.
* வழிகாட்டி ராஜா கதை மட்டும் சொன்னால், "கல் சுமந்தவங்க யாரு? இங்க யாரை விடலை?" என்று கேளுங்கள். எங்கள் தம்பி கேட்கக் கேட்கத்தான் சொன்னார்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுங்கள்: நம்ம ஊர்த் தெருக்களுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? நம்ம ஊர்க் கோயிலில், கிணற்றில் யாரை விடாமல் இருந்தார்கள், எப்போது விட்டார்கள்? பெரியவர்களைக் கேட்டு எழுதி அனுப்புங்கள்.