கத்தியின் பிடி



கத்தி என்றதும் நம் நினைவுக்கு வருவது அதன் அலகுதான். கடைக்குச் செல்வோரைக் கவனித்துப் பாருங்கள். கூர் எப்படி என்று கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார்கள், எஃகு துருப்பிடிக்குமா என்று வினவுவார்கள், விலையைப் பேசுவார்கள். பிடி எந்தப் பொருளால் ஆனது, அது அலகோடு எவ்வாறு இணைந்திருக்கிறது என்று கேட்போர் மிகச் சிலரே. ஆனால் காயை வெட்டுவதுதான் அலகின் தொழில். நம் கையைக் காப்பது பிடியின் தொழில். அந்தப் பிடியை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இப்பாடத்தை நான் நூலிலிருந்து கற்கவில்லை. திருவண்ணாமலையில், செங்கம் சாலையில், ரமணாசிரமத்துக்கு அருகில் என் தங்கை குடியிருக்கிறாள். ஓர் ஆண்டு கார்த்திகைத் தீபத்துக்குச் சென்றிருந்தபோது, திருவிழாக் கடை ஒன்றில் கறுப்புப் பிடி போட்ட கத்தி ஒன்று என் கண்ணைக் கவர்ந்தது. பிடி கண்ணாடிபோல் பளபளத்தது. அந்த அழகுக்காகவே அதை வாங்கி அவளுக்குக் கொடுத்தேன். அடுத்த ஆனி மாதத்தில் ஒருநாள் அவள் பூசணிக்காயைப் பிளந்துகொண்டிருந்தாள். அலகு காயில் சிக்கிக்கொண்டது. அவள் பிடியை அழுத்தி முன்னே தள்ளினாள். பிடி உடைந்தது, ஈரக் கை வழுக்கி அலகின்மேல் பாய்ந்தது. சுட்டுவிரலின் தசைநாண் அறுபட்டது. மருத்துவர் தைத்துச் சேர்த்தார். ஆயினும் இன்றுவரை அவளால் அந்த விரலை முழுவதும் மடக்க முடியவில்லை.

உடைந்த பிடியை எடுத்துப் பார்த்தேன். உள்ளே வெறும் பொள்ளல். அலகின் பின்புறம் பிடிக்குள் நுழைந்திருந்த இரும்பு நீட்சி இரண்டு விரற்கடை நீளம்கூட இல்லை. அதுவும் துருவேறி ஈர்க்குபோல் மெலிந்திருந்தது. அருகிலிருந்த கொல்லுலைக்கு எடுத்துச் சென்றேன். முதிய ஆசாரியார் ஒருவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அலகு நல்ல அலகுதான், ஐயா. பிடியைப் பார்க்காமல் வாங்கிவிட்டீர்கள்” என்றார். அந்தச் சொல்தான் என்னை இந்த ஆராய்ச்சியில் இறக்கிவிட்டது.

பிடிக்கு மூன்று கடமைகள் உண்டு. ஈரத்திலும் கைநழுவாமல் இருக்கவேண்டும். அலகை விட்டுக் கழலாமல் இருக்கவேண்டும். வெகுநேரம் வேலை செய்தாலும் உள்ளங்கையை வருத்தாமல் இருக்கவேண்டும். எந்தப் பொருளையும் இம்மூன்றினாலும் உரைத்துப் பார்த்தே மதிப்பிடவேண்டும்.

முதலில் மரத்தை எடுத்துக்கொள்வோம். மனிதன் கத்திக்கு மரப்பிடி போட்டது நேற்று இன்று அன்று. 1991ஆம் ஆண்டில் ஆல்ப்ஸ் மலைப் பனியில், ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முன் இறந்த ஒரு மனிதனின் உடல் கண்டெடுக்கப்பட்டது. அவனிடம் ஒரு சிறு கத்தி இருந்தது. அலகு தீக்கல்; பிடி மரம். பனி காத்ததால் அந்தப் பிடி நமக்குக் கிடைத்தது. மற்ற இடங்களில் மரப்பிடி மண்ணில் மக்கிவிட, அலகு மட்டுமே எஞ்சுவது வழக்கம். அலகின் வரலாறு விரிவாக எழுதப்பட்டு, பிடியின் வரலாறு எழுதப்படாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

மரம் ஏன் இவ்வளவு காலம் நிலைத்தது? அது வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. எஃகு, மரத்தைவிட நூறு மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். அடுப்பருகில் இருந்த இரும்புப் பிடியைத் தொட்டவருக்கு இந்த வேறுபாட்டை விளக்கவேண்டியதில்லை. மேலும் மரம் கையின் அழுத்தத்துக்குச் சிறிதே இசைந்து கொடுக்கும். உடையுமுன் விரிசல் காட்டி எச்சரிக்கும்.

ஆனால் மரத்துக்கு ஒரு குணம் உண்டு. அது நீளவாக்கில் அடுக்கிய நுண்குழாய்களின் கட்டு. ஈரம் பட்டால் அக்குழாய்களின் சுவர்கள் பருக்கின்றன, காய்ந்தால் சுருங்குகின்றன. இந்த மாற்றம் பெரும்பாலும் குறுக்குவாட்டிலேயே நிகழும். நீளவாக்கில் மிகச் சிறிதே. உள்ளே இருக்கும் இரும்போ ஈரத்தால் பருப்பதில்லை. ஐப்பசி மழையில் பருத்தும் சித்திரை வெயிலில் சுருங்கியும் வருகின்ற மரம், அசையாத இரும்பை விட்டு மெல்ல விலகுகிறது. பிடி ஆடத் தொடங்குவது இதனாலேயே. பச்சை மரத்தில் போட்ட பிடி விரைவில் கழல்வதும் இதனாலேயே.

ஆகவே மரத்தில் மூன்றைப் பார்க்கவேண்டும். முதலாவது, நன்கு உலர்ந்ததா என்பது. இரண்டாவது, இழை பிடியின் நீளத்தோடு ஓடுகிறதா என்பது. குறுக்கே ஓடினால் ஓர் அடியில் பிளந்துவிடும். மூன்றாவது, வைரமா வெளிறா என்பது. மரத்தின் நடுப்பகுதியான வைரத்தில், அழுகலையும் பூச்சியையும் தடுக்கும் பொருள்களை மரமே சேர்த்து வைத்திருக்கிறது. புறப்பகுதியான வெளிறில் அந்தக் காப்பு இல்லை.

இன்ன மரம் என்று கேட்டால், நம் ஊர்க் கருவேலத்தின் வைரம் மிகச் சிறந்தது. கலப்பைக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் நம் முன்னோர் அதைத் தேர்ந்தது காரணமின்றி அன்று. புளியின் வைரமும் கடினமானது. தேக்கு அவ்வளவு கடினமன்று. ஆனால் இயற்கையான எண்ணெய்ப் பசை உடையது, சுருக்கம் குறைவு. ஈரமான சமையலறைக்கு ஏற்றது. கருங்காலி நீரில் அமிழும் அளவுக்கு அடர்த்தியானது, வழவழப்பும் மிக்கது. ஆயினும் திடீரென்று காய்ந்தால் விரிசல் விடும். 19ஆம் நூற்றாண்டில் அயல்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டு இன்று நம் நிலமெங்கும் பரவித் தொல்லை தருகின்ற சீமைக் கருவேலத்தை யாரும் மதிப்பதில்லை. ஆனால் அதே இனத்தைச் சேர்ந்த மெஸ்கீட் மரம், ஈரத்தால் உருமாறுவது குறைவு என்பதற்காக, அமெரிக்காவின் டெக்சாஸ் பகுதியில் கத்திப் பிடிக்கு விரும்பிக் கொள்ளப்படுகிறது. வெட்டி அகற்றவேண்டிய மரமே பயன் தரும் மரமாகலாம்.

மரத்தைத் தேர்ந்தபின் அதைக் கைக்கு ஏற்றதாக்கவேண்டும். இதற்கு ரமணரின் வரலாற்றிலேயே ஒரு நிகழ்ச்சி உண்டு. ஆசிரமத்துச் சமையற்கட்டில் விடியுமுன் எழுந்து காய் நறுக்கியவர் அவர். தேங்காய்ச் சிரட்டையை வழவழப்பாக்கிக் கிண்ணம் செய்யும் கைவன்மையும் உடையவர். பயன் கருதாத செயல் என்றால் என்ன என்று பண்டிதர் ஒருவர் கேட்டபோது, அவர் சொல்லால் விடை கூறவில்லை. மலைச்சரிவில் கிடந்த முள் நிறைந்த கோல் ஒன்றை எடுத்தார். முள்ளைக் களைந்தார், கணுக்களைச் சீவினார், சொரசொரப்பான ஓர் இலையால் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கினார். இந்த வேலை சுமார் 6 மணி நேரம் நடந்தது. அப்போது கோலை இழந்த இடையச் சிறுவன் ஒருவன் அவ்வழியே வர, அதை அவனிடம் கொடுத்துவிட்டார். கேட்ட வினாவுக்கு விடை கிடைத்தது என்பது அறிஞர் காணும் கருத்து. தொழில் நோக்கில் பார்ப்பவருக்கு இன்னொரு பாடமும் அதில் உண்டு. முள், கணு, சொரசொரப்பு என்ற வரிசையில் வேலை நடந்தது. பிடி செய்யும் வரிசையும் அதுவே. உப்புத்தாள் வருமுன் நம் நாட்டுத் தச்சர்கள் பராய் மரத்தின் இலையைத்தான் இழைக்கப் பயன்படுத்தினார்கள். திருச்சிக்கு அருகிலுள்ள திருப்பராய்த்துறை அம்மரத்தால் பெயர் பெற்ற ஊர்.

அடுத்து, விலங்குகளிடமிருந்து பெறும் பொருள்கள். கொம்பு என்ற ஒரே சொல்லால் நாம் இரு வேறு பொருள்களைக் குறிக்கிறோம். மாட்டுக்கொம்பின் புறவுறை நம் நகத்தையும் மயிரையும் ஒத்த பொருள். சுடுநீரில் இளகும்; அழுத்தினால் வளையும். எனவே அழகான பிடியாக உருவாக்கலாம். ஆனால் அடிக்கடி சூடும் ஈரமும் பட்டால் கோணிவிடும். மான்கொம்போ எலும்பு, ஆண்டுதோறும் உதிர்ந்து மீண்டும் முளைப்பது. அதன் மேற்பரப்பின் சொரசொரப்பு கைநழுவாமல் காக்கும். அதனால் நம் நாட்டுக் கடமானின் கொம்புகள் ஒரு காலத்தில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்துக் கத்திப் பட்டறைகளுக்குக் கப்பலேறின. யானைத் தந்தமும் செல்வர் வீட்டுக் கத்திகளை அணிசெய்தது. இன்று இவை தேர்வுக்கே உரியவை அல்ல. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் மான்கொம்பு, தந்தம் ஆகியவற்றின் வாணிகத்தைத் தடுக்கின்றன. ஈட்டி மரத்துக்கும் இப்போது காப்பு உண்டு. 2016இல் கூடிய உலக நாடுகளின் மாநாடு அதன் இனம் முழுவதையும் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டின்கீழ்க் கொண்டுவந்தது. ஒரு பிடியின் அழகுக்காக ஓர் உயிரினம் அருகிப்போவதை எந்த அறமும் ஏற்காது.

மூன்றாவது, மனிதன் ஆக்கிய பொருள்கள். 1907ஆம் ஆண்டில் லியோ பேக்லண்ட் என்ற வேதியியலறிஞர் கண்ட பேக்லைட், ஒருமுறை இறுகினால் மீண்டும் சூட்டில் இளகாது. ஆனால் கீழே விழுந்தால் தெறித்து உடையும். துணியையோ காகிதத்தையோ இத்தகைய பிசினில் தோய்த்து, அடுக்கி, அழுத்திச் செய்யும் பலகை அந்தக் குறையை நீக்கியது. ஈரத்துக்கு அசையாத நல்ல பிடிப்பொருள் அது. இப்போது பெரும்பான்மையாகக் காணப்படும் பாலிபுரொப்பிலீன் போன்ற பிளாஸ்டிக்குகள் நீரை உறிஞ்சாதவை. நாள்தோறும் சுடுநீரில் கழுவவேண்டிய உணவுவிடுதிக்கு ஏற்றவை. ஆகவே பிளாஸ்டிக் என்பதே குற்றமன்று. என் தங்கையின் கத்தியைக் கெடுத்தது பொருள் அன்று; உள்ளிருந்த பொள்ளலும், பளபளப்பும், குட்டையான இரும்புமே.

இதனால் இணைப்பு எவ்வளவு முக்கியம் என்பது விளங்கும். பிடிக்குள் செல்லும் இரும்பு நீட்சியை வால் என்று வைத்துக்கொள்வோம். வலுவான கத்தியில் வால், பிடியின் கடைசிவரை செல்லும். இருபுறமும் தகடுகள் வைத்து ரிவெட் ஆணியால் இறுக்கியிருப்பார்கள். வால் மெல்லியதாக இருந்தால், அதைப் பழுக்கக் காய்ச்சி, துளையிட்ட மரத்துக்குள் செலுத்துவார்கள். அது தனக்குரிய இடத்தைத் தானே எரித்து அமைத்துக்கொள்ளும். எஞ்சிய இடைவெளியில் அரக்கை உருக்கி ஊற்றுவதும் பழைய முறை. அரக்கு சூட்டில் இளகுமாதலால் அத்தகைய கத்தியைக் கொதிநீரில் இடலாகாது. மரத்தின் வாயில் இரும்புப் பூண் ஏற்றுவது, வால் நெம்பும்போது மரம் பிளவாமல் காப்பதற்காக.

நீங்கள் கத்தி வாங்கும்போது செய்யவேண்டிய சோதனைகள் எளியவை. கையை நனைத்துக்கொண்டு பிடித்துப் பாருங்கள், வழுக்கினால் விட்டுவிடுங்கள். பிடி உருண்டையாக இராமல் நீள்வட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்போதுதான் கூர் எப்பக்கம் என்பதைக் கண் பாராமலே கை அறியும். பிடியின் நீளம் உள்ளங்கையின் அகலத்தைவிடச் சற்று மிகுந்திருக்கவேண்டும். அலகும் பிடியும் சேருமிடத்தில் நகம் நுழையும் இடுக்கு இருந்தால், நீரும் நுழையும், துருவும் தொடரும்.

வாங்கியபின் காப்பது நம் பொறுப்பு. மரப்பிடியை நீரில் ஊறவிடாதீர்கள். ஆண்டுக்கு இரண்டொரு முறை ஆளிவிதை எண்ணெய் பூசுங்கள். அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கூடி இறுகிப் படலமாகும். தேங்காயெண்ணெய் அவ்வாறு இறுகாது, பிசுபிசுப்பாகவே நிற்கும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி எறியாதீர்கள்; அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். விரித்து உலர்த்துங்கள்.

அந்த முதிய ஆசாரியார் என் தங்கையின் கத்திக்குப் புதுப்பிடி போட்டுக் கொடுத்தார். குட்டையான வாலோடு புதிய இரும்பை ஒட்டி நீட்டினார். பட்டறையின் மூலையில் கிடந்த பழைய கலப்பையொன்றின் கருவேலங்கட்டையை எடுத்தார். “இது சுருங்கவேண்டியதெல்லாம் சுருங்கி முடிந்த மரம், ஐயா” என்றார். மெருகு இல்லை, பளபளப்பும் இல்லை. என் தங்கை அதைக் கையில் வாங்கி, மடங்காத விரலை ஒருபுறம் நீட்டியவாறே பிடித்துப் பார்த்தாள். “அண்ணா, இது நழுவவில்லை” என்றாள்.

கண்ணால் பார்த்து நான் வாங்கிய பிடி அவள் விரலைக் கெடுத்தது. கையால் அறிந்தவர் தந்த பிடி அவள் கையில் நிலைத்தது. நீங்கள் எந்தக் கருவியை வாங்கினாலும், ஒரு கணம் அதன் பிடியைப் பாருங்கள். அக்கருவியைப் பிடிக்கப்போகும் கை யாருடையது என்பதையும் எண்ணிப் பாருங்கள்.