குளம்பா, பாதமா? பெயரிடுதலும் ஓர் அமானிதமே!

ஓர் ஓவியத்தைக் காண்கிறோம். அதிலே ஓர் ஒட்டகம் நிற்கிறது. அதன் காலடியைக் குளம்பு என்று எழுதுவதா, பாதம் என்று எழுதுவதா? இதுவும் ஒரு கேள்வியா என்று சிலர் நகைக்கலாம். ஆனால், உலகின் பெரிய அருங்காட்சியகங்கள் தம் ஓவியங்களை இணையத்தில் ஏற்றி வைத்துள்ள இந்நாளில் இது பொருளுள்ள கேள்வியாகும்.

இலட்சக்கணக்கான படங்களுக்கிடையே வேண்டியதைத் தேடி எடுக்க ஒவ்வொரு படத்துடனும் சில சொற்களை இணைத்து வைக்கின்றனர். இவற்றைக் குறிச்சொற்கள் என்பர். நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹென்றி வான் டி வால் உருவாக்கிய 'ஐகான்கிளாஸ்' என்னும் ஓவியப் பாகுபாட்டு முறையில் விலங்குகளுக்கென்றே '25எஃப்' என ஒரு பிரிவு உண்டு. விலங்கின் பெயரோடு நில்லாமல் அதன் உறுப்புகளையும் குறிக்கப் புகும்போதுதான் வாதம் பிறக்கிறது. எல்லா விலங்குக்கும் 'கால்' என்ற ஒரு சொல் போதுமா? புல்லுக்குள் மறைந்திருக்கும் சிங்கத்தின் நகத்தை, அது இருக்கத்தானே செய்யும் என்று எண்ணிக் குறிக்கலாமா?

இவ்வாதம் புதியதன்று. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் பஸராவின் அறிஞர்கள் இதில் ஆழ்ந்திருந்தனர்.

பஸரா தந்த பாடம்

மனிதனின் உறுப்புகளுக்கும் விலங்குகளின் உறுப்புகளுக்கும் உள்ள பெயர் வேறுபாட்டை மட்டுமே கூறும் நூல்கள் அரபியில் தோன்றின. 'கிதாபுல் ஃபர்க்' என்பது அவற்றின் பெயர். மொழியறிஞர் அஸ்மஈ (ரஹ்) அவர்களும் அப்பெயரில் ஒரு நூல் யாத்துள்ளார். மனிதனின் உதடு 'ஷஃபா'. ஒட்டகத்தின் உதடு 'மிஷ்ஃபர்'. குதிரையின் உதடு 'ஜஹ்ஃபலா'. காலடியிலும் அவ்வாறே. குதிரையின் பிளவுபடாத குளம்பு 'ஹாஃபிர்'. ஆடு மாடுகளின் பிளவுபட்ட குளம்பு 'ளில்ஃப்'. ஒட்டகத்தின் மெத்தென்ற பாதம் 'குஃப்பு'. உளூவின்போது மஸ்ஹு செய்யும் தோலுறைக்கும் குஃப்பு என்றே பெயர் என்பதை நாம் அறிவோம்.

அஸ்மஈ அவர்களும், சமகால அறிஞரான அபூஉபைதா அவர்களும் ஒருமுறை அமைச்சர் ஃபழ்ல் இப்னு ரபீஉ அவையில் இருந்தனர் என்று வரலாற்றாசிரியர் இப்னு கல்லிகான் குறிப்பிடுகிறார். குதிரையைப் பற்றி அபூஉபைதா எழுதியது ஐம்பது பாகங்கள். அஸ்மஈ எழுதியதோ ஒன்றே. குதிரை ஒன்று கொண்டுவரப்பட்டது. "ஒவ்வோர் உறுப்பையும் தொட்டுப் பெயர் கூறுங்கள்" என்று அபூஉபைதாவிடம் கேட்டனர். தாம் கால்நடை மருத்துவர் அல்லர் என்றும், அரபிகளிடம் கேட்டதையே எழுதியதாகவும் கூறி அவர் ஒதுங்கிக்கொண்டார். அஸ்மஈ எழுந்து, உறுப்பு உறுப்பாகக் கை வைத்துப் பெயர் கூறி, சான்றாகக் கவிதையும் சொன்னார். அக்குதிரையே அவருக்குப் பரிசாயிற்று!

ஐம்பது பாகங்களும் அறிவுதாம். ஆயினும், பொருளின்மீது கை வைத்துச் சொல்லும் சொல்லுக்கு உள்ள உறுதி, கேட்டு எழுதும் சொல்லுக்கு இல்லை.

கண் இட்ட பெயரும் காது இட்ட பெயரும்

தமிழில் 'தீக்கோழி' என்று நாம் அழைக்கும் பறவையைப் பாருங்கள். அது நெருப்பை விழுங்கும் என்ற பழைய செவிவழிச் செய்தியே அப்பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாரசீகர் அதனை 'ஒட்டகப் பறவை' என்றனர். அரபிகள் அதன் காலடியை ஒட்டகத்துக்குரிய 'குஃப்பு' என்ற சொல்லாலேயே குறித்தனர். இது கண்ணால் கண்டு இட்ட பெயர். நம்முடையதோ காதால் கேட்டு இட்ட பெயர்.

மார்க்கச் சட்டத்திலோ உறுப்பின் பெயர் உணவுத் தட்டு வரை வந்துவிடுகிறது. கோரைப்பல்லால் வேட்டையாடும் விலங்குகளையும், கூருகிரால் வேட்டையாடும் பறவைகளையும் உண்ண நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். அப்படியாயின் கழுதைப்புலி? அது கோரைப்பல் வேட்டை விலங்கே என்று ஹனஃபி மத்ஹபில் விலக்கப்படுகிறது. தனி நபிமொழியை ஆதாரமாகக் கொண்டு ஷாஃபிஈ மத்ஹபில் அனுமதிக்கப்படுகிறது. கெய்ரோவில் வாழ்ந்து 1405-இல் மறைந்த இமாம் தமீரீ (ரஹ்) தமது 'ஹயாத்துல் ஹயவான்' நூலில் விலங்குகளை அகர வரிசையில் அடுக்கி, பெயர் விளக்கத்தோடு, உண்ணலாமா கூடாதா என்ற சட்டத்தையும் எழுதி வைத்தது இதனால்தான்.

வரிக்குதிரையைத் தேய்த்துப் பார்த்தவர்கள்

1621-இல் பேரரசர் ஜஹாங்கீரின் அவைக்கு அபிசீனியா வழியாக ஒரு வரிக்குதிரை வந்தது. யாரோ வண்ணம் பூசியிருக்கிறார்கள் என்று பலர் ஐயுற்றனர். கூர்ந்து ஆராய்ந்த பின்னரே அவை படைப்பிலேயே அமைந்த வரிகள் எனத் தெளிந்தனர். ஓவியர் மன்சூர் அதனை வரைந்தார். ஜஹாங்கீர் தம் கையாலேயே அதில் குறிப்பு எழுதினார். அவ்வோவியம் இன்று இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. அரசர் எழுதிய அக்குறிப்பும் ஒருவகையில் குறிச்சொல்லே. ஐயுற்று, ஆராய்ந்து, பின் எழுதியதால் நானூறு ஆண்டுகள் கழிந்தும் அது நிலைத்திருக்கிறது.

எனவே, ஓவியக் களஞ்சியத்தார் கொள்ளத்தக்க விதி எளியது. கண்டதை எழுதுக, மறைந்திருப்பதை ஊகித்து எழுதற்க, வேறுபாடு உள்ள இடத்தில் வேறு சொல் இடுக, ஐயம் இருப்பின் பொதுச்சொல்லோடு நிறுத்துக. தவறான பெயர் தேடுவோரை வழிதவறச் செய்யும். பெயரே இல்லாத படமோ இருந்தும் இல்லாததாகிவிடும்.

இவ்விதி நம் இல்லங்களுக்கும் உரியதே. ஆட்டுக்குக் குட்டி, மாட்டுக்குக் கன்று, கோழிக்குக் குஞ்சு என்று பகுத்துச் சொன்ன மொழி நம்முடையது. தொல்காப்பியத்தின் மரபியல் இளமைப் பெயர்களையே தனியாக வரிசைப்படுத்துகிறது. நம் பிள்ளைகளோ இன்று எல்லாவற்றையும் 'பேபி' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகின்றனர்! சொல் குறையும்போது பார்வையும் குறைகிறது.

பெயர்களின் அறிவே ஆதம் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் அருளிய முதல் கல்வி. அறியாததைப் பின்தொடர வேண்டாம், செவியும் கண்ணும் இதயமும் விசாரிக்கப்படும் என்று எச்சரிப்பதும் அவன் திருமறையே. ஓர் ஒட்டகத்தின் காலடிக்குச் சொல் தேடுவதில் காட்டும் இக்கவனத்தை, ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லும் சொல்லிலும் நாம் காட்டினால் எத்தனை இல்லங்களில் அமைதி நிலவும்!

வல்ல அல்லாஹ் அத்தகைய நாவையும் எழுதுகோலையும் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.