கரடுமுரடான வழிக்கு அகன்ற டயர்

சில ஆண்டுகளுக்கு முன்னர் வாங்கிய பந்தயச் சைக்கிள்களில் 23 அல்லது 25 மில்லிமீட்டர் அகல டயரே பெரும்பாலும் காணப்படும். தார்ச் சாலைக்கு அது போதும். ஸ்பிட்டிப் பள்ளத்தாக்கின் சரளைக்கல் வழியிலோ, டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் இடையே நசுங்கிவிடும். அகன்ற டயர் மிகுதியான காற்றைக் கொள்ளுமாதலின், அழுத்தத்தைக் குறைத்து ஓட்டலாம். நன்மை முழுவதும் இதில்தான் இருக்கிறது. புது டயரை மாட்டிவிட்டுப் பழையபடியே கல்லாக இறுகக் காற்றடிப்போர் பணத்தை வீணாக்குகிறார்கள்.

ஆயினும், எவ்வளவு அகலம் என்பதை நம் ஆசை தீர்மானிப்பதில்லை. முன் போர்க்கும் பின்சட்டமும் பிரேக்கும் தீர்மானிக்கின்றன. ரிம்மைக் கவ்வும் பிரேக்குகளில் பல, 28 மில்லிமீட்டருக்கு மேல் இடங்கொடா. டயரில் அச்சிட்ட எண்ணையும் நம்பலாகாது. அகன்ற ரிம்மில் அதே டயர் இன்னும் பருத்து நிற்கும். காற்றடித்த பின்னரே அளக்க வேண்டும். மேலும் இருபுறமும் 4 முதல் 6 மில்லிமீட்டர் இடைவெளி தேவை. சக்கரம் உரசாமல் சுழல்கிறதே என்று நாம் திருப்தியடைந்துவிடுகிறோம். டயரோடு ஒட்டிவரும் சிறு கல் ஒன்று போர்க்கில் சிக்கினால், முன்சக்கரம் அக்கணமே நின்றுவிடும். ஓட்டுபவர் தலைகுப்புற விழுவார். 28-க்கு மேல் இடமில்லாத வண்டிக்கு 28 டயரை மாட்டி, காற்றைச் சிறிது குறைத்து, மெதுவாகச் செல்வதே தக்கது.